நெல் வேரைத் தாக்கும் நூற்புழு... தனக்குத் தானே விஷம் தயாரிக்குமா?

குறுவைப் பயிர் திட்டுத் திட்டாக மஞ்சள் அடித்தால், டெல்டாவில் கை முதலில் போவது யூரியா மூட்டைக்குத்தான். ஆனால், எல்லா மஞ்சளும் உரக் குறைவு அல்ல!

ஒரு பயிரைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் நுனி கொக்கிபோல வளைந்து வீங்கியிருந்தால், அது வேர் முடிச்சு நூற்புழுவின் வேலை. வேர் பழுப்பேறி அழுகினால், நெல் வேர் நூற்புழுவாக இருக்கலாம். இரண்டுமே உருளைப்புழு இனம். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

முதலாவது, தண்ணீர் நிற்காத நிலத்தில் பெருகும். மேட்டூர் தண்ணீர் தாமதமாகி, புழுதி விதைப்பு செய்யும் வயல்களில் கவனம் தேவை. இரண்டாவது, தேங்கிய நீரிலேயே செழிக்கும்.

பழைய மருந்தில் என்ன சிக்கல்?

கார்போபியூரான் குருணை, நரம்புகள் சீராக இயங்கத் தேவையான 'அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்' என்ற நொதியை முடக்கும். அதே நொதி மீனுக்கும் பறவைக்கும் உண்டு. குருணை தூவும் மனிதருக்கும் உண்டு. புழுவைக் கொல்வது நம்மையும் பாதிப்பது இதனால்தான்.

புழுவின் நொதியே ஆயுதம்

'சைட்டோகுரோம் பி450' என்பது ஒரு பெரிய நொதிக் குடும்பம். உடலுக்குள் நுழையும் வேதிப்பொருள்களை மாற்றி வெளியேற்றுவது இதன் முக்கிய வேலை. மனிதர்களுக்கு இதில் 57 மரபணுக்கள். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் 'சி. எலிகன்ஸ்' உருளைப்புழுவுக்குச் சுமார் 80. குடும்பம் ஒன்றுதான் என்றாலும் உறுப்பினர்கள் வேறு வேறு.

இந்த வித்தியாசத்தைத்தான் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'செலக்டிவின்' என்ற சேர்மங்களை நூற்புழுவின் பி450 நொதிகளே விஷமாக மாற்றிவிடுகின்றன. காப்பாற்ற வேண்டிய நொதியே புழுவுக்கு எமனாகிறது! தாவர வேர்களைத் தாக்கும் ஒரு வேர் முடிச்சு நூற்புழுவை இது மிகக் குறைந்த அளவிலேயே கட்டுப்படுத்தியது. சோதித்த பிற உயிர்களுக்கோ பாதிப்பு குறைவு. 2023-ல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளியானது.

அதுவரை என்ன செய்யலாம்?

ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால், வழிகள் நம் ஊரிலேயே உண்டு. வேர் முடிச்சு நூற்புழு என்றால், வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துவது அதை அடக்கும். நெல் வேர் நூற்புழு என்றால், அறுவடைக்குப் பின் உளுந்து, பயறு போட்டு நெல்லுக்கு இடைவெளி விடுவது உதவும். கோடை உழவு போட்டு மண்ணைக் காயவிடுவதும் நல்லது.

ஒன்றுக்கு மருந்தான தண்ணீர், இன்னொன்றுக்கு விருந்து. அதனால், எந்தப் புழு என்று தெரியாமல் எதையும் கொட்ட வேண்டாம். வேரோடு ஒரு பயிரையும், கொஞ்சம் மண்ணையும் எடுத்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டுங்கள். பணமும் மிச்சம், மண்ணும் மிச்சம்!