பன்றிப் பண்ணையும் ஏப்ரல் 1 விதியும்: சிக்கல் எங்கே தொடங்குகிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் திருத்த விதி 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவானாலும், உற்பத்தியின் எந்தக் கட்டத்திலும் தொடவே கூடாத ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பட்டியல் அதில் இருக்கிறது. மற்ற மருந்துகளுக்கு எச்ச வரம்பு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: இனிக் குட்டிக்குக் கழிச்சல் கண்டால் ஊசியே போடக் கூடாதா?

போடலாம். பட்டியலில் இல்லாத மருந்தாக இருக்க வேண்டும், கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். குறிப்பாக, கொலிஸ்டின் எந்த வடிவிலும் கூடாது. அதை மத்திய அரசு 2019 ஜூலையிலேயே உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டது.

விதியின் கவனம் முழுவதும் எச்சத்தின் மீதே இருக்கிறது. அறுத்த இறைச்சியில் எவ்வளவு மருந்து மிச்சம் என்பதை ஆய்வகம் அளந்துவிடும். பண்ணைக்காரர் ஏன் மருந்தைக் கையில் எடுத்தார் என்பதை எந்த ஆய்வகமும் அளக்காது. எனக்குக் கவலை அங்கேதான்.

பன்றியின் சினைக்காலம் 114 நாள். குட்டிகளுக்குப் பால் மறக்கடித்த ஒரு வாரத்தில் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். 56 நாள் பால் குடிக்க விட்டால் இரண்டு ஆண்டில் நான்கு ஈற்று. 28 நாளிலேயே பிரித்தால் கிட்டத்தட்ட ஐந்து. அந்த ஐந்தாவது ஈற்றில்தான் தீவனக் கடனை அடைக்கும் வழி தெரிகிறது. ஆனால் 28 நாள் குட்டியின் குடலைக் காத்துவந்தது தாய்ப்பாலில் இருந்த நோய் எதிர்ப்புப் பொருள்; குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வளரவில்லை. பால் நின்ற அன்றே மக்காச்சோளம், தவிடு, திப்பி என்று வயிற்றுக்குள் போகிறது. செரிக்காதது கீழ்க்குடலில் தங்க, ஈ. கோலை கிருமி பெருகிக் கழிச்சல் பிடிக்கிறது. இன்று ஒரு குட்டி, நாளை கொட்டில் முழுவதும்.

ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆளில்லை. மருந்துப் பொடியைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிவிடுகிறார்கள். நோயில்லாத குட்டி முண்டியடித்து வயிறு முட்டக் குடிக்கும். நோய்ப்பட்டது மூலையில் சுருண்டு கிடக்கும், இரண்டு வாய் குடித்தால் அதிகம். மருந்து வேண்டியதற்கு அரைகுறை அளவு, வேண்டாததற்கு முழு அளவு! அரைகுறை அளவில் பலவீனமான கிருமி சாக, வலுத்தது பிழைத்துக்கொள்கிறது. அந்த வலுவைத் தரும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் கூடும். கொலிஸ்டினை முறியடிக்கும் அப்படியொரு மரபணு சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் இருப்பது 2015இல் வெளியானது. வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவமனைகள் கடைசியாக நம்பியிருக்கும் மருந்து அது.

மருந்து கொடுத்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய அவகாசத்தைப் புட்டியில் அச்சிட வேண்டும். அந்த மருந்துக்கென்று அவகாசம் உறுதிசெய்யப்படாவிட்டால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று மருந்து விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் உயிர் எடைக்குப் பேசி வண்டியேற்றும் வியாபாரி, கடைசி ஊசி என்றைக்கு என்று கேட்பதில்லை. 28 நாளும் காத்திருந்தால் இறைச்சியை விட்டு மருந்து போய்விடும்; ஆனால் சாணத்தில் பிழைத்த கிருமி வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். எச்சம் இல்லை என்ற சான்றிதழ் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எந்த மருந்து என்று சொல்பவரே அதை விற்பவராகவும் இருப்பது, பண்ணைக்காரர் மருந்தைக் கையில் எடுப்பதற்கு இன்னொரு காரணம். கடையில் ஆலோசனைக்குக் காசில்லை, பொடிக்குத்தான் காசு. பன்றி வளர்ப்பில் பெயர்பெற்ற டென்மார்க் 1995இல் இதில்தான் முதலில் கைவைத்தது: கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று ஈட்டும் லாபத்தை ஒட்ட நறுக்கியது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் மருந்து கலப்பது அதன் பிறகுதான் அங்கே படிப்படியாக நின்றது. நம் விதியில் இந்தப் பக்கமே இல்லை. குட்டிகளை இன்னும் இரண்டு வாரம் தாயோடு விடும் பண்ணைக்கு இழப்பை யார் ஈடுகட்டுவது என்ற பேச்சும் இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்குமா? கேட்காது, அது வைரஸ். சந்தேகம் வந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

நன்றாக வேகவைத்தால் போதுமா? கிருமி சாகும், மருந்தெச்சம் முழுதாகப் போகாது.

ஓட்டல் கழிவு போடலாமா? கொதிக்கவைத்து ஆறிய பிறகு மட்டும்.

மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால்? 1962 எண்ணுக்கு அழையுங்கள்.

சாணத்தை வயலில் போடலாமா? பச்சையாக வேண்டாம், நன்றாக மக்கவைத்துப் போடுங்கள்.