டிஸ்சார்ஜுக்குப் பிறகு மனைவிதான் நர்ஸ்!

பைபாஸ் முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் ஒரு ஃபைல். அதில் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதி. அதுவரை மானிட்டரைப் பார்த்தவர் ஒருவர், காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்தவர் ஒருவர், மாத்திரை கொடுத்தவர் ஒருவர், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஒருவர். கார் வீட்டு வாசலில் நின்றதும் அத்தனை பேர் வேலையும் ஒரே ஆள் தலையில் வந்து விழுகிறது. பெரும்பாலும் அது மனைவி. ஐ.சி.யூ. வாசலில் கண்விழித்து, ஏற்கெனவே ஓய்ந்துபோயிருப்பவர்.

இந்தியாவின் முதல் பைபாஸ் நம் சென்னையில்தான் நடந்தது. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். இன்று சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கிறது. அரை நூற்றாண்டில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஆனால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

என் கணவருக்கு பைபாஸ் நடந்த ஆஸ்பத்திரியில், டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸ் நின்றுகொண்டே சொன்னார்: “வெயிட் தூக்க வேணாம், உப்பைக் குறைங்க, மாத்திரையை விட்டுடாதீங்க.” அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தடுத்த கட்டில்களில் இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். ஆனால், அன்று ராத்திரி கணவரைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அதையே முதலில் சொல்கிறேன். பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவில் பிளந்துதான் இதயத்தைத் தொடுகிறார்கள். வேலை முடிந்ததும் அந்த எலும்பை எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மேலே தையல் காய்ந்து தழும்பாகிவிடும். ஆனால், உள்ளே எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். முழு பலம் வர 3 மாதம்கூட ஆகலாம். இது தெரியாமல், எழுந்திருக்க முயல்கிறவரின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தூக்கிவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால், அந்த இழுப்பு நேராகப் போய் விழுவது கூடாத எலும்பில்.

சரியான முறை எளிது. படுத்திருப்பவர் முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கால்களையும் கட்டிலுக்குக் கீழே இறக்க வேண்டும். கால்கள் இறங்கும் கனத்திலேயே மேல் உடம்பு எழும்பும். அந்த நேரத்தில் நாம் தோள்பட்டைக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கினால் போதும். எழுந்ததும் உடனே நடக்க விடாமல், கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பாய் போட்டுத் தரையில் படுக்கிற வீடுகளில் இரண்டு மாதத்துக்காவது கட்டிலுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. இந்தியன் டாய்லெட்டிலும் இதே சிக்கல்தான். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது. அதை அப்படியே மேலே வைத்துவிடலாம். தலைவழியாக மாட்டும் பனியன் வேண்டாம், முன்னால் பட்டன் உள்ள சட்டை போதும்.

அடுத்தது இருமல். இருமினால் நெஞ்சு பிளந்துவிடும் என்று ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் அடக்குவார்கள். அடக்கினால் சளி நுரையீரலில் தங்கி நிமோனியா வரைக்கும் போகலாம். ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி குறையும். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து உள்ள ஊதற்கருவியையும் மூலையில் போட்டுவிடக் கூடாது. அது பேருக்குத்தான் ஊதற்கருவி. ஊதுவதற்கு இல்லை, காற்றை உள்ளே இழுப்பதற்கு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை இழுக்கச் சொல்வார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணினால்தான் அது நடக்கும்.

மாத்திரையில்தான் வீட்டில் அதிகம் தவறு நேர்கிறது. சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. இது பலருக்குத் தெரியும். தெரியாதது, பழைய மாத்திரைகளை என்ன செய்வது என்பது. ஆபரேஷனுக்கு முன்பு சாப்பிட்ட பி.பி. மாத்திரையும், இப்போது கொடுத்திருப்பதும் ஒரே மருந்தாக இருக்கலாம். கம்பெனி மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நாடித் துடிப்பும் பி.பி.யும் தடாலென்று இறங்கும். பழையதையெல்லாம் ஒரு பையில் கட்டி, அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை சில உண்டு. காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்பு எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால், சதை போடுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். உடம்பில் நீர் கோத்திருக்கலாம். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த காலில் கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் வடியும். ஆனால், கெண்டைக்கால் மட்டும் வலித்து, சூடாகச் சிவந்தால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, அசையும்போது நெஞ்சில் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, நாடி தாறுமாறாக ஓடுவது... இவற்றுக்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கடுமையாக இருந்தால் 108-தான். காயத்தில் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்று வாரக்கணக்கில் குளிக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. டாக்டர் சரி என்றதும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். பவுடர், எண்ணெய், மஞ்சள் எதையும் காயத்தில் பூசக் கூடாது.

உடம்பைச் சமாளித்துவிடலாம். மனசுதான் பாடாய்ப்படுத்தும். “ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு” என்று எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காபி ஆறிப்போனதற்குக் கத்துவார். டி.வி.யில் சாதாரண காட்சிக்கு அழுவார். எதுவும் ருசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளுவார். ராத்திரி தூங்க மாட்டார். பெரிய இதய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிச் சோர்வும் எரிச்சலும் வருவது சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாமல் போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அதையும் நெஞ்சுவலி மாதிரியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால், அந்த வாரங்களில் அவர் கோபமெல்லாம் யார் மேல் விழும்? ராத்திரி அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விழித்திருந்தவர் மேல்தான். “இது வியாதியோட பேச்சு, உங்க மேல கோபம் இல்லம்மா” என்று டிஸ்சார்ஜ் அன்றே ஒரு டாக்டர் சொல்லியிருந்தால், எத்தனை பெண்கள் சமையலறையில் தனியாக அழாமல் இருந்திருப்பார்கள்!

மனைவிக்கு ஆபரேஷன் நடந்து கணவர் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் கதை வேறு. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் அது 21.4 சதவீதம். பழக்கம் இல்லாததால் அந்த ஆண்கள் திணறுகிறார்கள். அதைவிடக் கவலை தருவது, அந்தப் பெண்கள் சீக்கிரமே அடுப்படிக்குத் திரும்பிவிடுவது. ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டும். அவர் தூக்கக் கூடியது சில கிலோதான். கிரைண்டர் கல்லைத் தூக்குவதும் குக்கரைத் தூக்கி இறக்குவதும் அந்த மூன்று மாதம் கணவரின் வேலை. மனைவி கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், கேட்க மாட்டார்.

பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன ஆகிறது? 1999-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஓர் ஆய்வு வெளியானது. 66 வயதும் அதற்கு மேலும் ஆன தம்பதிகளை 4 ஆண்டுகள் கவனித்தார்கள். உடம்புக்கு முடியாத துணையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுமையில் நொந்துபோனவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் ஆபத்து, துணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. நம் ஊரில் அந்த மனைவிக்கும் சுகர் இருக்கும், முழங்கால் வலி இருக்கும். அவருடைய மாத்திரையை அவருக்கு யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, பிசியோதெரபியும் உண்டு. பெரிய ஆபரேஷன் முடிந்து வந்தவரின் வீட்டுக்கு முதல் மாதம் வாரம் ஒருமுறை போய், நோயாளியோடு பார்த்துக்கொள்கிறவரையும் பார்த்துவிட்டு வரும் வேலையை அரசு இதில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளும் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுப்புவது, நடக்கவைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாவற்றையும் அந்த மனைவியையோ கணவரையோ செய்யவைத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வேண்டாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகவே வேண்டாம். “எங்க தெருவுல ஒருத்தர் இப்படித்தான் பைபாஸ் பண்ணி...” என்ற கதையும் வேண்டாம். மதியச் சாப்பாட்டை உப்பு குறைத்துச் சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். “அண்ணி, நான் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க” என்று சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் வரை இருங்கள்.