ஸியர்ஸ் கடையும் அதன் கருவிகளும்

அமெரிக்காவில் ஸியர்ஸ் ரோபக் என்று ஒரு பெரிய வியாபார ஸ்தாபனம் இருந்தது. 'இருந்தது' என்று சொல்வதில் சிறிது பிழையுண்டு. விரல்விட்டு எண்ணத்தக்க சில கடைகளில் அந்தப் பெயர்ப்பலகை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும், ஒரு காலத்தில் அந்நாட்டின் சில்லறை வியாபாரிகளுள் முதல் ஸ்தானம் வகித்த அந்த ஸ்தாபனம், 2018-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி திவால் கோர்ட்டில் மனுச் செய்துகொண்ட அன்றே முடிந்துவிட்டது என்று கொள்வதே நியாயம். அன்று அதன் சம்பளப் பட்டியலில் சுமார் 68,000 பேர் இருந்தனர்.

கடல் கடந்த தேசத்தில் ஒரு கடை மூடினால் நமக்கென்ன என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கடைகள் திறப்பதும் மூடுவதும் உலக வழக்கம். அதற்காக நாம் இந்தப் பத்திகளைச் செலவிடவில்லை. அந்தக் கடை ஒரு ஸ்பேனரை விற்கும்போது அதனுடன் ஒரு வாக்கையும் கொடுத்தது. அந்த வாக்கு என்னவாயிற்று, யார் யார் கையில் எவ்வாறு சிதைந்தது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

ரிச்சர்டு ஸியர்ஸ் என்பவர் மின்னஸோட்டா மாகாணத்தில் ஒரு சிறு ரயில் ஸ்டேஷனில் ஏஜண்டாக இருந்தவர். 1886-ல் கடியாரங்கள் விற்கத் தொடங்கி, பின்னர் ஆல்வா ரோபக் என்னும் கடியாரக்காரரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அக்காலத்து அமெரிக்கக் குடியானவனுக்குத் தன் ஊர்க் கடை ஒன்றே கதி. கடைக்காரன் சொன்னதே விலை. கடன் கணக்கும் அவன் எழுதியதே. தெற்கு மாகாணங்களில் வாழ்ந்த கறுப்பு ஜனங்களின் பாடோ சொல்லுந்தரமன்று. வெள்ளைக்காரர் அனைவருக்கும் கொடுத்து முடித்த பிறகே அவர்களுக்குச் சாமான் கிடைக்கும். அதிலும் மட்டமானதே கிடைக்கும். இப்படிப்பட்டவர்களின் வீட்டிற்குத் தபால் மூலம் ஒரு புஸ்தகம் வந்து சேர்ந்தது. ஊசி முதல் உழுபடை வரையில் எல்லாவற்றிற்கும் படமும் விலையும் அதில் அச்சிட்டிருந்தன. வாங்குகிறவனின் நிறம் அந்தப் புஸ்தகத்திற்குத் தெரியாது. சாமான் பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றும் அதில் எழுதியிருந்தது. 1908 முதல் 1940 வரையில் முழு வீடுகளையே, மரமும் ஆணியும் வர்ணமும் கணக்கிட்டு, ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அவ்வாறு விற்ற வீடுகள் 70,000-க்குக் குறையா. உள்ளூர் வியாபாரிகள் சிலர் ஆத்திரங்கொண்டு அந்தப் புஸ்தகங்களைத் திரட்டித் தீயிலிட்டதும் உண்டு.

1895-ல் இந்தக் கம்பெனியில் பங்காளியாகச் சேர்ந்த ஜூலியஸ் ரோஸன்வால்டு, தம் செல்வத்தைக் கொண்டு, புக்கர் வாஷிங்டனின் யோசனைப்படி, தெற்கு மாகாணங்களில் கறுப்புக் குழந்தைகளுக்கென்று ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்ப உதவினார். 1916-ல் சிப்பந்திகளுக்கு லாபத்தில் பங்கு தரும் நிதியொன்றும் ஏற்பட்டது. நெடுங்காலம் சாமான் கட்டியவனும் கணக்கு எழுதியவனும் தான் வேலை செய்த கடையின் ஷேர்களை இந்த நிதி மூலம் உடையவர்களாக இருந்தனர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம், பின்னால் வேண்டியிருக்கும்.

இனிக் கருவிகளைப் பற்றிச் சொல்வோம். 1925-ல் சிக்காகோவில் தபால் வியாபாரத்துடன் நேர்க் கடையும் திறந்தார்கள். மோட்டார் வண்டி பெருகி வந்த சமயம் அது. வண்டி வாங்கியவன் தானே பழுது பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. 1927-ல் 'கிராப்ட்ஸ்மன்' என்னும் பெயரை வேறொரு கருவிக் கம்பெனியிடமிருந்து 500 டாலருக்கு ஸியர்ஸ் வாங்கிற்று. கைவினைஞன் என்பது அதன் பொருள். சுத்தியல், திருப்புளி, குறடு, ஸ்பேனர் என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயரைப் பொறித்தார்கள். அமெரிக்காவில் தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் ஆஸ்திகளில் இந்தப் பெயர் பொறித்த கருவிப் பெட்டியும் ஒன்றாகிவிட்டது.

அந்தக் கருவிகளின் விசேஷம் உருக்கில் மாத்திரம் இல்லை. பட்டறைக்காரன் ஒருவன் உடைந்த ராட்செட் ஸ்பேனரைக் கொண்டுவந்து கடை மேஜைமேல் வைப்பான். எப்போது வாங்கினாய், ரசீது எங்கே, எதனால் உடைந்தது என்று கேள்வி கிடையாது. குமாஸ்தா உடைந்ததை எடுத்துக்கொண்டு புதியதை நீட்டுவான், காரியம் முடிந்தது. வாங்கியவன் இறந்து அவன் மகன் கொண்டுவந்தாலும் இதே மரியாதைதான். இதில் ஏமாற்றினவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் பல பத்தாண்டுகள் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

ஸியர்ஸ் கம்பெனி தானே இந்தக் கருவிகளை அடித்துச் செய்தது என்று நினைப்பது தவறு. வெவ்வேறு தொழிற்சாலைகள் காலத்துக்குக் காலம் செய்துகொடுத்தன. கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வெஸ்டர்ன் போர்ஜ் ஆலையில் குறடும் திருப்புளியும் வந்தன. டானஹர் கம்பெனியின் ஆலைகளிலிருந்து சாக்கெட்டும் ராட்செட்டும் வந்தன. இன்ன தரம் வேண்டும் என்று சொல்வதும், அந்தத் தரம் இல்லாதபோது பதில் சொல்வதுமே ஸியர்ஸின் வேலை. வாங்கியவன் விலை கொடுத்தது, உடைந்தால் எங்கே போவது என்று தெரிந்திருந்ததற்கு. ஊருக்கு ஊர் கடை. கடையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதன். இம்மூன்றும் இருந்தவரையில் 'கிராப்ட்ஸ்மன்' என்ற பெயருக்குப் பொருள் இருந்தது.

இவ்வளவு சொன்னதனால் ஸியர்ஸை நாம் தர்மசத்திரமாக்கிவிட்டோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அதே ராட்செட் விஷயத்தில் அவர்கள் செய்த காரியம் ஒன்று கோர்ட்டு ரிக்கார்டுகளில் இருக்கிறது. மாஸச்சுஸெட்ஸில் ஸியர்ஸ் கடையொன்றில் குமாஸ்தாவாக இருந்த 18 வயதுப் பையன் பீட்டர் ராபர்ட்ஸ், பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழன்று வரும்படி ஒரு ராட்செட்டைத் தன் ஓய்வு நேரத்தில் அமைத்தான். எஜமானர்களிடம் காட்டினான். இதில் பெரிய பிரயோஜனமில்லை என்று சொல்லி, அதிகபட்சம் 10,000 டாலர் என்று எல்லை கட்டி, அவனுடைய பேடண்டு உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பின்னர் அது லக்ஷக்கணக்கில் விற்றது. அவன் வழக்குத் தொடர்ந்தான். மோசடி என்று கண்ட ஜூரிகள் 1977-ல் பத்து லக்ஷம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தனர். மறுவருஷம் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. வாங்குகிறவனுக்குக் கொடுத்த வாக்கைப் போற்றிய கம்பெனி, தன்னிடம் வேலை செய்த பையனிடம் நடந்துகொண்டது இவ்வாறு. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை.

சரிவு எங்கே தொடங்கிற்று என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. 1973-ல் சிக்காகோவில் 110 மாடிகொண்ட கோபுரத்தை, அன்று உலகிலேயே உயரமானதை, எழுப்பினார்கள். 1981-ல் ஷேர் தரகுக் கம்பெனியும் வீடு விற்கும் கம்பெனியும் வாங்கினார்கள். கடைக்காரன் லேவாதேவிக்காரனாகப் பார்த்தால் கடையைப் பார்ப்பவன் யார்? 1990-ஐ ஒட்டி வால்மார்ட் அவர்களை முந்திற்று. 1992-ல் கலிபோர்னியா ஸர்க்கார், ஸியர்ஸின் மோட்டார் பழுது பார்க்கும் கடைகளில் வேண்டாத வேலைக்கெல்லாம் பணம் வாங்குகிறார்கள் என்று குற்றஞ்சாட்டிற்று. இத்தனை வேலை பிடித்தாக வேண்டும் என்று மேலிருந்து நிர்ப்பந்தித்ததன் பலன் அது. 1993 ஜனவரியில் அந்தப் பெரிய தபால் புஸ்தகத்தையே நிறுத்தினார்கள். 113 கடைகள் மூடின. 50,000 பேருக்கு வேலை போயிற்று. அடுத்த வருஷமே, சாமானைப் பார்க்காமலே வீட்டிலிருந்து வாங்கும் பழைய முறையைப் புதிய கம்பியில் ஏற்றுவதற்காக அமேஸான் என்னும் கம்பெனி பிறந்தது. விதியின் விளையாட்டென்று சிலர் இதைச் சொல்வார்கள். நாம் புத்தியீனம் என்கிறோம்.

ஆனால் போட்டியினால் மாத்திரம் அந்த வீடு இடிந்தது என்பதை நாம் ஒப்பமாட்டோம். 2005-ல் எட்வர்டு லாம்பர்ட் என்னும் முதலீட்டுக்காரர், தம் வசமிருந்த கேமார்ட் என்னும் மற்றொரு கடைத்தொடருடன் ஸியர்ஸை இணைத்துக்கொண்டார். அவர் சொந்தப் பணத்தையும் கடனாகப் போட்டார் என்பதை நியாயத்திற்காகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும், ஓடு மாற்றவும் விளக்குப் போடவும் வேண்டிய கடைகள் காத்துக்கிடக்க, கம்பெனியின் ஷேர்களைக் கம்பெனியே திரும்ப வாங்குவதில் ஏறத்தாழ 600 கோடி டாலர் போயிற்று. 2008-ல் ஸ்தாபனத்தை முப்பதுக்கு மேற்பட்ட பிரிவுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் தன் லாபத்தைத் தான் பார்த்துக்கொள்ளுமாறு ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். 2015-ல் 235 கடைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் 270 கோடி டாலருக்கு வேறொரு கம்பெனிக்கு விற்று, அந்தக் கடைகளுக்கே வாடகை கொடுத்தார்கள். வாங்கிய கம்பெனிக்கும் அக்கிராசனர் லாம்பர்ட்தான்.

இவற்றினும் நம் கவனத்தைக் கவர்ந்தது பெயரைச் செய்த காரியம். கிராப்ட்ஸ்மன் முதலிய பெயர்களைக் கடையிலிருந்து பிரித்து, தனியொரு துணைக் கம்பெனியில் வைத்தார்கள். ஸியர்ஸ் தன் சொந்தப் பெயருக்கே அந்தத் துணைக் கம்பெனிக்கு ராயல்டி செலுத்திற்று. அந்த ராயல்டியை ஈடுகாட்டி 180 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் ஏற்பட்டன. பழைய இங்கிலீஷ் பொதுச் சட்டப்படி, வியாபாரக் குறியை அந்த வியாபாரத்தின் நன்மதிப்போடு சேர்த்தே கைமாற்றலாம். குறியை மாத்திரம் பிய்த்தெடுத்து விற்க முடியாது. இன்னார் பொறுப்பு என்று காட்டுவதற்கே குறி ஏற்பட்டது. பொறுப்பில்லாத இடத்தில் அது பொய்யாகிவிடும் என்பது அதன் நியாயம். இங்கிலாந்து 1938-ல் இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. நம் தேசத்தின் 1999-ம் வருஷத்துச் சட்டத்தில் 38-வது பிரிவும், நன்மதிப்போடோ அஃதில்லாமலோ குறியை மாற்றலாம் என்கிறது. அமெரிக்கச் சட்டமோ நன்மதிப்பும் கூடவே போகவேண்டும் என்று இன்னும் சொல்கிறது. காகிதத்தில் அது கூடவேதான் போயிற்று.

இதற்குள் மேஜையிலும் மாறுதல் வந்துவிட்டது. உடைந்த ராட்செட்டைக் கொண்டுபோனவனுக்குப் புதியது கிடைக்கவில்லை. வேறெவனோ கொடுத்துச் சென்ற பழையதைப் பழுது பார்த்து நீட்டினார்கள். கருவிகள் சீனாவிலும் தைவானிலும் செய்து வரத் தொடங்கின. அந்நிய நாட்டில் செய்ததென்ற ஒரே காரணத்திற்காக ஒரு சாமானைப் பழிக்க நாம் தயாரில்லை. தைவானில் நல்ல உருக்கும் உண்டு, நல்ல தொழிலாளியும் உண்டு. பழைய பெயர்மேல் ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் கொண்டே குறைந்த செலவில் செய்ததை விற்கலாம் என்று கணக்குப் போட்டார்களே, அதுதான் குற்றம்.

2017-ல் ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி அந்தப் பெயரைச் சுமார் 90 கோடி டாலர் மதிப்பில் வாங்கிற்று. 500 டாலர் பெயர் 90 வருஷத்தில் அடைந்த மதிப்பு இது. 15 வருஷ காலத்திற்கு ஸியர்ஸும் அதே பெயரில் ராயல்டியின்றிக் கருவிகள் விற்றுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். ஆகவே இரண்டு கம்பெனிகளின் சாமான்கள் ஒரே பெயரைத் தாங்கி வெளிவந்தன. திவாலுக்குப் பின் ஸியர்ஸின் மிச்சத்தை நடத்தியவர்கள், கிராப்ட்ஸ்மனுக்கு உண்மையான வீடு நாங்களே என்று விளம்பரம் செய்தார்கள். 2019-ல் ஸ்டான்லி கம்பெனி அவர்கள்மேல் வழக்கிட்டது. எது உண்மையான வீடு என்பதைக் கோர்ட்டுதான் சொல்லவேண்டும் என்ற நிலைமை வந்த பின் பட்டறைக்காரன் உடைந்த ஸ்பேனருடன் எந்த வாசலில் நிற்பான்? உத்தரவாதத்தை ஸ்டான்லி கம்பெனி ஏற்றுக்கொண்டது வாஸ்தவம். ஆனால் பழைய மேஜை இல்லை.

சிப்பந்திகள் விஷயம் ஒன்று பாக்கி. 1916-ல் லாபத்தில் பங்கு கொடுத்த அந்த ஸ்தாபனம், 2019-ல் தன் பென்ஷன் நிதிகளைத் தாங்க முடியாமல் கைவிட்டது. அவற்றை நம்பியிருந்த சுமார் 90,000 பேரின் பொறுப்பை, பென்ஷன்களைக் காக்கவென்று ஏற்பட்ட ஸர்க்கார் கார்ப்பொரேஷன் ஏற்க நேர்ந்தது. கடைகள் இருந்த நிலங்கள் மாத்திரம் முன்னமே வேறு கைக்குப் போயிருந்தன. சிக்காகோ கோபுரத்திற்கும் 2009 முதல் வேறு பெயர்.

கிராப்ட்ஸ்மன் கருவிகளை மறுபடியும் அமெரிக்காவிலேயே செய்வோம் என்று ஸ்டான்லி கம்பெனி 2019-ல் அறிவித்து, டெக்ஸாஸில் போர்ட்வொர்த் நகரில் 9 கோடி டாலர் செலவில் ஓர் ஆலை கட்டிற்று. மனிதக் கை அதிகம் படாமல் யந்திரங்களே ஸ்பேனரும் சாக்கெட்டும் செய்யும் என்றார்கள். யந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023 மார்ச்சில் அந்த ஆலையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பழைய குறடுகள் செய்த கொலராடோ ஆலை அதற்கும் முன்பே, 2020-ல் மூடிற்று. இப்போது அமெரிக்கப் பட்டறைக்காரர்களில் பலர், கிழவர்கள் இறந்த வீடுகளில் வாசலில் பரப்பி விற்கும் பழைய சாமான்களுக்கிடையே குனிந்து, எழுத்துத் தேய்ந்த கிராப்ட்ஸ்மன் ஸ்பேனர்களைப் பொறுக்கி எடுத்துச் செல்கிறார்கள்.