அளவீடும் சொல்லும்: தொலைமருத்துவம் கற்கச் செல்லும் மருத்துவர்க்கு டென்மார்க் உணர்த்துவன

மருத்துவர்கள் குழுவாக அயல்நாடு சென்று, அங்குள்ள மருத்துவமனைகளையும் பராமரிப்பு அமைப்புகளையும் நேரில் கண்டுவருவது இன்று பரவலாகிவிட்ட வழக்கம். அத்தகைய கற்றல் பயணங்களில் அண்மைக்காலமாக முதன்மை பெற்றுவரும் பொருள்களுள் ஒன்று தொலைமருத்துவம். திரையில் தோன்றும் மருத்துவர், வீட்டிலிருந்தே அனுப்பப்படும் அளவீடு, கைக்கணினியில் கேட்கப்படும் வினா ஆகியவற்றைக் கண்டு திரும்புவோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே பேசுகின்றனர். கருவி உடனே கண்ணில் படும். அதற்குப் பின்னால் இயங்கும் ஏற்பாடு அவ்வளவு எளிதில் புலப்படாது. அந்த ஏற்பாட்டையும், அதற்குள் மொழி பெறும் இடத்தையும் டென்மார்க் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவப் பொருளுக்கு மொழி மேடையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நோயாளியை மருத்துவர் தொட இயலாத இடத்தில், அவர்கள் இருவருக்கும் இடையே எஞ்சி நிற்பவை எண்ணும் சொல்லும் மட்டுமே. எண்ணைக் கருவி அனுப்பும். சொல்லை நோயாளிதான் அனுப்ப வேண்டும். ஆகவே இது தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அக்கறை கொள்ள வேண்டிய பொருளே ஆகும்.

இரு சொற்களின் பொருள்

தொலைமருத்துவம் என்பது, மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு இடங்களில் இருக்க, தகவல்தொடர்புக் கருவிகளின் வழி மருத்துவம் செய்தல். இது நாம் நினைப்பதைவிடப் பழமையானது. 1905ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்னும் அறிஞர், தம் ஆய்வுக்கூடத்திலிருந்த இதய மின்வரைவுக் கருவியை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையோடு தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். கருவி மிகப் பெரியது. அதை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே நோயாளியின் இதயத் துடிப்பைக் கம்பி வழியே கருவியிடம் கொண்டுவந்தார். இதய மின்வரைவு முறையைக் கண்டறிந்தமைக்காக அவருக்கு 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஒருங்கிணைந்த பராமரிப்பு என்பது வேறொரு கருத்து. மருத்துவமனை, குடும்ப மருத்துவர், இல்லத் தாதி, மருந்தகம், முதியோர் சேவை ஆகிய யாவும் ஒரே நோயாளியைச் சுற்றி ஒரே திட்டத்தின்படி இயங்குவதை அது குறிக்கும். நீரிழிவு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் நோய் போன்ற நாள்பட்ட நோய்கள் ஒரே நாளில் ஒரே மருத்துவரால் தீர்க்கப்படுவன அல்ல. அவை ஆண்டுக்கணக்கில் பலர் கைமாறிச் செல்வன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் இடத்தில்தான் தவறுகள் மிகுதியாக நேர்கின்றன.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறாக வகுக்கிறது. தொலைமருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் முதல் மூன்றையும் எளிதாகக் காண்கின்றனர். நான்காமவர் யார் என்று கேட்பதே ஒருங்கிணைந்த பராமரிப்பின் தொடக்கம்.

ஒரு நோயாளி, மூன்று பொறுப்பாளர்

டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 மில்லியன். சிங்கப்பூரின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. 2007ஆம் ஆண்டின் நிர்வாகச் சீர்திருத்தம் அந்நாட்டை 5 வட்டாரங்களாகவும் 98 நகராட்சிகளாகவும் வகுத்தது. மருத்துவமனைகளை நடத்துவது வட்டாரத்தின் பொறுப்பு. இல்லத் தாதியரை அனுப்புவதும் முதியோரைப் பேணுவதும் நகராட்சியின் பொறுப்பு. குடும்ப மருத்துவர்களோ வட்டாரத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தனியே தொழில் நடத்துவோர். ஆகவே ஒரே நோயாளி மூன்று தரப்பினரின் பொறுப்பில் இருக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு மருந்தின் அளவு மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றம் குடும்ப மருத்துவருக்கு எப்போது தெரியவரும்? மறுநாள் காலை வீட்டிற்கு வரும் தாதி பழைய மாத்திரையைக் கொடுப்பாரா, புதிய மாத்திரையைக் கொடுப்பாரா? இவ்வினாக்களுக்கு விடை இல்லாத நாட்டில் எவ்வளவு சிறந்த கருவியைக் கொணர்ந்தாலும் பயன் சிறிதே.

டென்மார்க் இதற்கான அடித்தளத்தைப் பல ஆண்டுகளாகப் பொறுமையுடன் அமைத்தது. 1968இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் தனி அடையாள எண் வழங்கும் முறை வந்தது. 1994இல் மெட்காம் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. மருந்துச் சீட்டு, ஆய்வுக்கூட முடிவு, பரிந்துரைக் கடிதம், மருத்துவமனையிலிருந்து வெளியேறும் குறிப்பு ஆகியவற்றை எல்லாத் தரப்பினரும் ஒரே வடிவில் மின்வழி அனுப்புவதற்கான பொது நெறிகளை அது வகுத்தது. 2003இல் குடிமக்கள் தம் மருத்துவத் தகவல்களைத் தாமே காண்பதற்கான தேசிய இணையவாயில் திறக்கப்பட்டது. ஒருவர் தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை மருத்துவமனையும் குடும்ப மருத்துவரும் நகராட்சித் தாதியும் ஒருங்கே காணும் பொது மருந்தேடும் பின்னர் அமைந்தது. இல்லத்தில் வைக்கும் தொலைமருத்துவக் கருவிகள் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. பயணம் செல்லும் மருத்துவர் முதலில் காண வேண்டியது இவ்வரிசைமுறையையே.

வட டென்மார்க்கில் நடந்த ஆய்வு

ஆல்போர்க் நகரை உள்ளடக்கிய வட டென்மார்க் வட்டாரத்தில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோருக்காக ‘டெலிகேர் நார்த்’ என்னும் திட்டம் நடத்தப்பட்டது. நோயாளியின் வீட்டில் ஒரு கைக்கணினி, விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் உயிர்வளி அளவைக் காட்டும் கருவி, இரத்த அழுத்தமானி, எடைப்பொறி ஆகியவை வைக்கப்பட்டன. முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும், அதன்பின் வாரத்திற்கு ஓரிரு முறை, நோயாளி தாமே அளவெடுத்து அனுப்பினார். அவ்வளவீடுகளைப் படித்துக் கண்காணித்தவர்கள் நகராட்சித் தாதியர். நாம் மேலே கேட்ட நான்காமவர் இவரே.

இத்திட்டத்தின் சிறப்பு, அது முறையான ஆய்வாக நடத்தப்பட்டதில் உள்ளது. 26 நகராட்சிப் பகுதிகள் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவினர் கருவிகளைப் பெற்றனர். மறு பிரிவினர் வழக்கமான பராமரிப்பையே பெற்றனர். மொத்தம் 1,225 நோயாளிகள் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர்.

முடிவுகள் பலர் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. வாழ்க்கைத்தரத்தில் இரு பிரிவினருக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சராசரியாகச் செலவு கூடியது. அதற்கு ஈடாகக் கிடைத்த நலன் மிகச் சிறிது. ஆயினும் நோய் முற்றிய பிரிவினரிடையே பயன் ஒப்புநோக்கச் சிறந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கண்டனர். பங்கேற்றோர் பலர் தமக்குப் பாதுகாப்புணர்வு கூடியதாகவும் கூறினர்.

இங்கிலாந்தில் இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நடந்த பேராய்வு ஒன்றையும் உடன்வைத்து நோக்குதல் தகும். நீரிழிவு, நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்ட 3,230 பேர் அதில் பங்கேற்றனர். ஓராண்டில், தொலைமருத்துவம் பெறாதோருள் 8.3 விழுக்காட்டினரும் பெற்றோருள் 4.6 விழுக்காட்டினரும் இறந்தனர். எனினும் செலவுக் கணக்கு அங்கும் சாதகமாக அமையவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் மாணவர்க்கு ஓர் அரிய பாடத்தைத் தருகின்றன. ‘தொலைமருத்துவம் நல்லதா?’ என்னும் வினாவே பிழையானது. எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில், யார் கண்காணிப்பில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அனைவருக்கும் ஒரே பெட்டியைக் கொடுப்பது ஒருங்கிணைந்த பராமரிப்பு ஆகாது.

கருவி அளக்க இயலாதவை

நுரையீரல் அடைப்பு நோய் திடீரெனக் கடுமையாவதை மருத்துவர்கள் சில குறிகளால் அறிகின்றனர். மூச்சுத்திணறல் மிகுதல், சளியின் அளவு கூடுதல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ நிறம் மாறுதல் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. விரல்நுனிக் கருவி இவற்றுள் ஒன்றையும் நேரடியாகச் சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். ஆகவே மிக நவீனமான கண்காணிப்பு முறையும் இறுதியில் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லைச் சார்ந்தே நிற்கிறது.

சித்த மருத்துவர்கள் நோயறிய வகுத்த எண்வகைத் தேர்வுகளில் நாடி, பரிசம், நா, நிறம், விழி முதலியவற்றோடு மொழியும் ஒன்று. நோயாளியின் பேச்சும் குரலும் நோயின் நிலையைக் காட்டும் என்பது அவர்தம் கொள்கை. திரையின் முன் பரிசம் இல்லை. கையால் நாடி பார்க்க வழியில்லை. நிறமும் விழியும் ஒளியைப் பொறுத்து மாறித் தோன்றும். மொழி ஒன்றே ஏறக்குறைய முழுமையாகக் கடந்து செல்கிறது.

அந்த மொழி மருத்துவரின் மொழியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? டென்மார்க்கே இதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 2018ஆம் ஆண்டு ஜூலை முதல், அந்நாட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், சில விலக்குகள் நீங்கலாக, அதற்கான கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் சொல்லுக்கு விலை வைக்கப்பட்டது. கட்டணத்திற்கு அஞ்சுவோர் உறவினரை உரைபெயர்க்கச் செய்யலாம். அல்லது அரைகுறையாகப் புரிந்துகொண்டு திரும்பலாம். தகவல் அமைப்புகளை இவ்வளவு நேர்த்தியாக இணைத்த நாட்டிலும் மொழியால் ஏற்படும் இடைவெளி நீங்கவில்லை. பயணக் குழுவினர் அந்நாட்டின் வெற்றிகளோடு இதனையும் குறித்துக்கொண்டு வருதல் வேண்டும்.

நம் இல்லங்களில்

சிங்கப்பூரும் இதே திசையில் நடைபோட்டு வருகிறது. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011இல் தொடங்கியது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தெரிவுசெய்ய ஊக்குவிக்கும் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் பெறும் சிகிச்சையைத் தகுந்த நோயாளிகள் வீட்டிலேயே பெறும் ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் வழக்கமான சேவையாகியுள்ளது. மலேசியாவில் தொலைமருத்துவச் சட்டம் 1997இலேயே இயற்றப்பட்டது. இனி வரும் ஆண்டுகளில் நம் இல்லத்து முதியோர் பலர் திரையின் முன் அமர்ந்து தம் உடல்நிலையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர்கள் எந்தச் சொற்களால் சொல்வர் என்பதை எண்ணிப் பார்ப்போம். ‘மயக்கமாக இருக்கிறது’ என்றால் தலைசுற்றலா, நினைவிழத்தலா, உறக்கக் கலக்கமா? ‘இளைப்பு’ என்பது மூச்சிரைப்பையும் குறிக்கும். உடல் மெலிவையும் குறிக்கும். ‘நெஞ்செரிச்சல்’ பெரும்பாலும் இரைப்பையைச் சார்ந்தது. ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பது இதயத்தைச் சார்ந்ததாக இருக்கலாம். வலியைக் குறிக்கவே குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, உளைச்சல் எனத் தமிழில் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வைச் சுட்டும். பாட்டி ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று சொல்ல, அருகிலிருக்கும் பேரப்பிள்ளை அதைச் சளித் தொல்லை என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால், மருத்துவருக்குச் சென்று சேர்வது வேறொரு நோய்.

கடும் நோய்ச் செய்திகளை உரைபெயர்க்கும் சுமையைப் பிள்ளைகள் மீது ஏற்றுவது முறையன்று. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆயினும் வீட்டில் நாள்தோறும் நிகழும் சிறு உரையாடல்களில் இளையோர் பங்கேற்பதை நாம் தவிர்க்க இயலாது. அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்துவது தமிழ் வகுப்பால் இயலும். உடல்நலம் என்னும் பாடப்பொருளில் உறுப்புகளின் பெயர்களோடு உணர்வுகளின் பெயர்களையும் கற்பிக்கலாம். வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் வழங்கும் நோய்ச் சொற்களைக் கேட்டு, பொருளையும் பயன்படுத்தும் சூழலையும் எழுதிவரச் செய்யலாம். ‘எப்போது தொடங்கியது? எங்கே வலிக்கிறது? எது செய்தால் கூடுகிறது? எது செய்தால் குறைகிறது?’ என்னும் நான்கு வினாக்களைத் தமிழில் பணிவுடன் கேட்கப் பழக்கலாம். இவை தேர்வுக்கும் உதவும். அதைவிட வீட்டிற்கு உதவும்.

திரும்பிவரும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கற்றல் பயணம் பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடைபெறுவது. ஆகவே திரும்பிவரும் மருத்துவர்களிடம் வினாத் தொடுக்கும் உரிமை நமக்கு உண்டு. வீட்டிலிருந்து வரும் அளவீட்டை யார் படிக்கிறார், விடுமுறை நாளில் யார் படிக்கிறார் என்பது முதல் வினா. அளவு தவறினால் அடுத்த செயலுக்கு மருத்துவமனை, குடும்ப மருத்துவர், இல்லத் தாதி ஆகியோருள் யார் பொறுப்பு என்பது இரண்டாவது. எந்தப் பிரிவு நோயாளிக்குப் பயன் மெய்ப்பிக்கப்பட்டது என்பது மூன்றாவது. நாட்டின் பெரும்பான்மை மொழியைப் பேசாத நோயாளி தம் நிலையை எவ்வாறு சொல்கிறார் என்பது நான்காவது.

முதல் மூன்றுக்கும் விடை காண்பது மருத்துவர், நிர்வாகிகள் ஆகியோரின் கடமை. நான்காவதில் நமக்கும் பங்குண்டு. தமிழ் பேசும் முதியவர் ஒருவர் தம் நோயைத் தம் சொல்லால் சொல்லி, அச்சொல் சிதையாமல் மருத்துவரைச் சென்றடைய வேண்டுமாயின், அச்சொல்லை அறிந்த இளையோர் அவர் அருகில் இருத்தல் வேண்டும். அத்தகைய இளையோரை உருவாக்கும் பணி வகுப்பறையில் தொடங்கட்டும்.