கெட்ட மண்தான் உரைகல்
(மண்ணுக்குள் ஒரு பகை – 7)

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஓம்ஸ்கர்க் என்று ஒரு சந்தை ஊர். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அங்கே உருளைக்கிழங்கு ரகங்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நிலம் நோய் பிடித்துக் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சோதனையின் முதல் நிபந்தனை.

நோயின் பெயர் மரு நோய். 1896இல் ஹங்கேரியில் ஷில்பெர்ஸ்கி என்பவர் இதை உண்டாக்கும் பூஞ்சையை விவரித்தார். செடி மேலே பசுமையாகத்தான் நிற்கும். மண்ணைக் கிளறும்போதுதான் உண்மை தெரியும். முளைக்கண் இருந்த இடத்திலெல்லாம் காலிஃபிளவர் பூவைப் போலச் சதை பிதுங்கி, நாளாக நாளாகக் கறுத்து அழுகிக் கிடக்கும். அழுகிய சதையிலிருந்து உதிரும் உறங்கு வித்துகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு இருக்கும். இதைத் தீர்க்க மருந்து கிடையாது. இங்கிலாந்தில், தொழிலாளர் குடும்பங்கள் வருடம் தவறாமல் உருளையே போட்டு வந்த வீட்டுத் தோட்டங்களில்தான் இது முதலில் வேரூன்றியது. இருப்பது ஒரே துண்டு நிலம், மாற்றுப் பயிர் போட அவர்கள் எங்கே போவார்கள்?

அந்தத் தோட்டங்களில்தான் வழியும் கிடைத்தது. பக்கத்து வரிசை முழுக்க மருவாக இருக்க, ‘ஸ்னோட்ராப்’ போன்ற சில ரகங்கள் மட்டும் வழுவழுவென்று வெளியே வந்தன. காரணம் பிறகு புரிந்தது. ஈர மண்ணில் நீந்தி வரும் பூஞ்சை வித்து, எதிர்ப்புள்ள ரகத்தின் செல்லுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. நுழைந்ததும் அந்தச் செல் செத்துப்போகிறது. உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த பூஞ்சையும் அதோடு சேர்ந்து மடிகிறது.

ஓம்ஸ்கர்க்கில் செய்தது இந்தத் தோட்டத்து அனுபவத்தை ஒழுங்குபடுத்தியதுதான். ஆனால் ஒரு ரகம் சுத்தமாக வந்துவிட்டால் மட்டும் போதாது. அது நின்ற இடத்தில் நோய் இல்லாமலே போயிருக்கலாம். ஆகவே நிச்சயம் நோய் வாங்கும் ரகமும் பக்கத்திலேயே வேண்டும். அதில் மரு வராவிட்டால் அந்த இடத்து முடிவு செல்லாது.

1919இல் உருவான தேசிய வேளாண் தாவரவியல் நிறுவனம் இந்தப் பணியை ஏற்றது. அப்போதுதான் வயலில் இல்லாத ஒரு சிக்கல் பெரிதாகத் தெரிந்தது: பெயர். பழைய ரகத்துக்குப் புதுப்பெயர் சூட்டி விதைக்கிழங்கு விற்பது அன்று சர்வசாதாரணம். ‘அப் டு டேட்’ என்ற ஒரே ரகம் எத்தனையோ பெயர்களில் உலவியது. ‘இது நோய் தாங்கும்’ என்று பட்டியல் போட்டு என்ன பயன், விவசாயி வாங்கும் மூட்டைக்குள் இருப்பது அதுதானா என்று தெரியாதபோது? ரெட்கிளிஃப் சாலமன் என்பவர் தலைமையில் குழு அமைத்து, பூ, இலை, முளை எல்லாம் ஒப்பிட்டு இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பிரித்தெடுத்தார்கள். நோய் ஆராய்ச்சியின் பாதி நேர்மை இந்த அலுப்பூட்டும் வேலையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வயல் சோதனைக்கு ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். 1920களில் ரோதம்ஸ்டெட் நிலையத்தின் மேரி கிளின், புது மருவை முளையின்மேல் வைத்து ஆய்வகத்திலேயே நோயை வரவழைத்தார். பிறகு லெம்மர்ட்சால் என்பவர் அதைச் செம்மைப்படுத்தினார். முளையைச் சுற்றி வாசலினால் சிறு வரப்பு கட்டி, உள்ளே நீர் ஊற்றி, மருத் துண்டை வைத்துக் குளிரில் இரண்டு நாள் விடுவார்கள். சில வாரங்களில் விடை தெரிந்துவிடும். இருவர் பெயரையும் தாங்கிய இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எதிர்ப்புள்ள ரகங்களே இனி போதும் என்றிருந்த நேரத்தில், 1941இல் ஜெர்மனியின் கீஸ்யூபெல் என்ற ஊரில் அந்த ரகங்களிலேயே மரு கண்டது. பூஞ்சையில் புதிய இனம் தோன்றியிருந்தது. பட்டியலை மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1950களின் தொடக்கத்தில் டார்ஜிலிங் மலையில் இந்நோய் தெரியவந்தது. மேற்கு வங்க உருளை வெளியே போகத் தடை வந்தது. நீலகிரி விவசாயிகள் நன்கறிந்த ‘குஃப்ரி ஜோதி’ இந்நோயைத் தாங்கும் ரகம். டார்ஜிலிங், சிக்கிம் மலைகளுக்கென்றே 1999இல் ‘குஃப்ரி காஞ்சன்’ வந்தது. அந்த மலை மக்கள் விரும்பும் சிவப்புத் தோல் கிழங்கு அது.