குஞ்சு வளர்ப்பில் முதல் 21 நாள்

திருப்பூர் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒருவர் தோட்டம் பார்க்கிறார், ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார், இன்னொருவர் தறி ஓட்டுகிறார். சந்தைக்குப் போன இடத்தில் குழந்தை கேட்கிறதே என்று அஞ்சாறு கோழிக்குஞ்சு வாங்கி வருகிறோம். மூன்றாம் நாள் ஒன்று, நான்காம் நாள் இரண்டு என்று செத்துப் போகின்றன. குழந்தை அழுகிறது. "நமக்குக் கோழி ராசியில்லீங்க" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இளங்குஞ்சுகளைப் பெரும்பாலும் கொல்வது குளிர், ஈரம், கழிச்சல் ஆகிய மூன்றும்தான். முதல் 21 நாள் இந்த மூன்றும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் முக்கால் கிணறு தாண்டிய மாதிரி.

எந்தக் குஞ்சு வாங்குவது?

பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளை வாங்க வேண்டாம். இவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். நாமக்கல் போன்ற பகுதிகளிலுள்ள முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டை மட்டுமே தேவை. ஆகவே பொரித்த அன்றே சேவலைத் தனியே பிரித்து விடுகிறார்கள். அது முட்டையும் இடாது, சீக்கிரம் சதையும் பிடிக்காது. அதனால்தான் சல்லிசாகக் கிடைக்கிறது. சாயத்தில் நனைந்து, கதகதப்பு இல்லாமல் நாள் முழுக்கக் கூடையில் நெருக்கியடித்து நின்ற குஞ்சு, வீடு வந்து சேரும்போதே பாதி உயிராக இருக்கும். சாயம் போடுவது நம் ஊர்த் தொழில்தான். அது துணியோடு நிற்கட்டும்.

நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குங்கள். அல்லது புறக்கடை வளர்ப்புக்கென்று கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழிக் குஞ்சு வாங்கலாம். கண் பளிச்சென்று, தொப்புள் காய்ந்து, கால் ஊன்றி நிற்கும் குஞ்சாகப் பாருங்கள். முதல் தடவைக்கு 10 முதல் 25 குஞ்சு போதும். ஒற்றைக் குஞ்சு மட்டும் வேண்டாம். துணையில்லாமல் கத்திக்கத்தியே சோர்ந்துவிடும்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் வேலை சுலபம். அடைகாத்து மூன்று வாரம் ஆன கோழியின் இறக்கைக்கு அடியில், ஒருநாள் குஞ்சுகளை இருட்டிய பிறகு மெதுவாகத் தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். மறுநாள் காலையில் கொத்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதகதப்பு

தாயில்லாத குஞ்சுக்கு நாம்தான் சூடு தர வேண்டும். நூல் வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாகச் சுற்றி நிறுத்துங்கள். 25 குஞ்சுக்கு 4 அடி விட்டம் போதும். வாரம் ஆக ஆக அகலப்படுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதால்தான் வட்டம். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு அடி உயரத்தில் சங்கிலி அல்லது கம்பியில் தொங்கவிடுங்கள். அட்டையில் படக்கூடாது. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது.

"ஏனுங்க, கரண்ட் பில் ஏறாதுங்களா?" என்று கேட்பீர்கள். 60 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட்தான்.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், பல்பைத் தாழ்த்துங்கள். வாயைப் பிளந்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம், உயர்த்துங்கள். பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக அடிக்காதபடி மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். கரண்ட் போனால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள்.

பனியன் வேஸ்ட் வேண்டாம்

கீழே இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி, கடலைத் தோல் அல்லது நன்கு காய்ந்த தென்னைநார்க் கழிவு பரப்புங்கள். நம் பகுதியில் பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைக்கிறது என்று அதைப் போட்டுவிடக் கூடாது. நூல் காலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும். நூலைக் கொத்தி விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். ஈரமான உமியை அன்றன்றே அள்ளி எறியுங்கள். ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் நோய் பெருகும்.

தண்ணீரும் தீனியும்

குஞ்சு வந்ததும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் விழுந்து மூழ்காது. முதல் இரண்டு நாள் உமியின்மேல் காகிதம் விரித்து, மக்காச்சோள நொய் தூவுங்கள். அப்புறம் குஞ்சுத் தீவனம் கொடுங்கள். வெறும் அரிசி நொய்யில் புரதம் போதாது. நம் பெரியவர்கள் செய்த வழி ஒன்று உண்டு: பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் பொழுதோடு கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதத் தீனி இல்லை.

தடுப்பு மருந்து

வெள்ளைக் கழிச்சலை ராணிக்கெட் நோய் என்பார்கள். இமயமலையிலுள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1920களில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரே வாரத்தில் பட்டியே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்தில்லை. வருமுன் காப்பதுதான் வழி.

7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4ஆம் வாரம் மறுபடி குடிநீரில். 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டை நிலையத்தில் நம் மாநிலத்துக்குத் தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பியில் 100 கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் நம் கோழிக்கு மட்டும் போட்டால் பயம் முழுக்கத் தீராது.

பல்லடம், உடுமலைப் பக்கம் பிராய்லர் பண்ணையில் வேலை செய்பவர்கள் அதே செருப்போடு குஞ்சுக்கொட்டிலுக்குள் போகாதீர்கள். நோய் இரு பக்கமும் பரவும். செத்த கோழியை ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதையுங்கள். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு

குஞ்சைக் குழந்தை கையில் எடுக்கட்டும். உட்கார்ந்தபடி, இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்ச நேரம் மட்டும். முத்தம் கொடுக்க வேண்டாம். விட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க ஆரோக்கியமான குஞ்சின் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம். காலையில் தண்ணீர் மாற்றும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். ஷிப்டுக்குப் போகும் அம்மாவுக்கும் ஒரு வேலை குறையும், குழந்தைக்கும் பொறுப்பு வரும்.

ராத்திரியில் பூனை, கீரி, எலி புகாதபடி கம்பி வலை போட்டு மூடுங்கள். இந்த 21 நாளும் காலை, மாலை, படுக்கப் போகுமுன் என்று மூன்று தடவை எட்டிப் பார்த்தால் போதும். நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து, 7ஆம் நாள் மருந்தைத் தவற விடாதீர்கள்.