தோள் வலியும் பிலாட்டிஸ் பயிற்சியும்

நெசவாளருக்கு நூலும் உழவருக்கு விதையும் சங்கத்தில் கடனாகக் கிடைக்கும். தோளைக் கடனாகத் தருவார் எவருமிலர். கடம்பத்தூர் வட்டாரத்து வயல்களில் உழைப்போரும், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் தறியில் அமர்வோரும் தோளை நம்பியே வாழ்கின்றனர். அத்தோள் நோகத் தொடங்கினால் கூலி குறைகிறது, குடும்பம் தளர்கிறது. ஆதலின் தோள் வலியைப் பற்றி அங்கத்தினர் யாவரும் சிறிது அறிந்திருத்தல் நலம்.

வலி பிறக்கும் விதம்

இடுப்பு மூட்டின் குழி உரலைப்போல் ஆழமானது. தோள் மூட்டின் குழியோ அகல்விளக்கைப்போல் ஆழம் குறைந்தது. அதனாலேயே கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனாலேயே அம்மூட்டு எளிதில் கெடுகிறது. மேற்கை எலும்பை அக்குழியில் பிடித்து நிறுத்துபவை 4 சிறு தசைகள். முதுகின் மேற்புறமுள்ள தோள்பட்டை எலும்பு உறுதியாய் நின்றால்தான் இவை செவ்வனே வேலை செய்ய இயலும்.

குழித்தறியில் கூன் விழ அமர்ந்து நாடாக் கயிற்றை நாள் முழுதும் இழுப்பவருக்கும், மருந்து தெளிக்கும் கருவியை முதுகில் சுமப்பவருக்கும் தோள்கள் முன்னே சரிகின்றன. சிறு தசைகள் தம் சக்திக்கு மீறி உழைக்கின்றன. கையை உயர்த்தும்போதும், இரவில் அப்பக்கம் படுக்கும்போதும் வலி தோன்றுகிறது.

இந்நிலையில் நம்மவர் இருவகைப் பிழை செய்கின்றனர். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்கின்றனர். வேறு சிலர் அஞ்சி வாரக் கணக்கில் கையை அசைப்பதேயில்லை. அசைக்காத தோள் இறுகிப் போதலும் உண்டு. ‘உறைந்த தோள்’ எனப்படும் நோய் நீரிழிவு உடையோருக்கு மிகுதியாக வருகிறது. அது நீங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

பிலாட்டிஸ் என்பது யாது?

ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அவரை மேன் தீவில் காவலில் வைத்திருந்தனர். பின்னர் நியூயார்க் நகரில் பயிற்சிக்கூடம் நிறுவினார். காயமுற்ற நடனக் கலைஞர் பலர் அவரை நாடினர். 1967-இல் அவர் காலமானார்.

மூச்சை ஒழுங்குபடுத்தி, வயிறு, முதுகுத் தசைகளை உறுதியாக்கி, கைகால்களை மெதுவாகவும் கவனமாகவும் இயக்குவதே அவர் முறை. பாரத்தைத் தோள் ஒன்றே சுமக்கக் கூடாது. உடல் முழுவதும் பகிர்ந்து சுமக்க வேண்டும். கூட்டுறவாளருக்கு இக்கருத்தை விளக்கவும் வேண்டுமோ! எனினும் இது ஒன்றே மருந்தன்று. முறையான பிற பயிற்சிகளும் பயன் தருவனவே. விடாது செய்வதே முக்கியம்.

செய்யும் வகை

இதற்குப் பாய் ஒன்றும் கோல் ஒன்றும் போதும்.

1. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றுக. மூச்சை இழுக்கையில் விலாக்கள் விரியட்டும். விடுகையில் அடிவயிற்றைச் சற்றே உள்ளிழுக்க. தோள்கள் காதை நோக்கி ஏறலாகாது.

2. அவ்வாறே படுத்து, இரு கைகளையும் கூரையை நோக்கி நீட்டுக. முழங்கையை மடக்காமல், தோள்பட்டை தரையினின்று சிறிது எழுமாறு எட்டிப் பின் மெல்ல இறக்குக.

3. கோலை இரு கைகளாலும் பற்றி, மூச்சை விட்டவாறே தலைக்கு மேலாகக் கொண்டு செல்க. நல்ல கை நோயுற்ற கைக்கு உதவட்டும். வலி மிகும் இடத்தில் நிறுத்துக.

4. சுவரெதிரே நின்று, மார்பளவு உயரத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, உடலை நேராக வைத்து முழங்கைகளை மடக்கி நீட்டுக.

ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை, நாள்தோறும் செய்க. சிறிது நோவு தோன்றி மறுநாட் காலைக்குள் தணிந்தால் குற்றமில்லை. தணியாவிடின் அளவைக் குறைக்க. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இடையிடையே தறியை விட்டு எழுதலும், தெளிப்புக் கருவியை இரு தோளிலும் சமமாக மாட்டுதலும் வேண்டும்.

எச்சரிக்கை

விழுந்தபின் கையைத் தூக்க இயலாவிடினும், மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டாலும், கை மரத்துப் பலம் குன்றினாலும் பயிற்சியைத் தொடங்காது மருத்துவரைக் காண்க. தோள் வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இருதய நோயாகலாம். உடனே 108-ஐ அழைக்க.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் காட்டி ஆலோசனை பெறுக. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். வீட்டை விட்டு வர இயலாதோர் அதைக் கேட்டுப் பெறலாம்.

தறி பழுதுற்றால் அன்றே செப்பனிடுகிறோம். தோளுக்கும் அக்கவனத்தில் ஒரு பங்கேனும் அளிப்போமாக.